ராஜாவுக்குத் தே ஓ

ரிங்லெட்,
3 மார்ச் 2025

அன்பு குமுதாவுக்கு,

நான் நலம். உன் ராஜாவும் நலம். நீ முதலில் அவனைத்தான் தேடுவாய் என்று தெரியும், அதனால் இந்த முறை நானே முந்திக்கொண்டேன்.

கிள்ளானில் காய்கறி இறக்கிவிட்டு வந்த இருளப்பன், லோரியை நிறுத்தி உன் கடிதத்தைத் தந்தான். மூன்று பக்கம். ராஜா மாதிரி ஆக்சோலாட்டல் நீர்ப்பல்லிக்குத் தண்ணீர் பதினெட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது, தொட்டியில் சின்னக் கல் போட்டால் விழுங்கிவிடும், வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். எல்லாம் அந்த வளர்ப்பு மீன் கடை மகேன் சொன்னதாம். மகேன் பெயர் ஐந்து இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கடைசியில் ஒரு வரி: நீங்களும் சாப்பிடுங்கள்.

கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் என்னை ஒரு நாளாவது ராஜா என்று கூப்பிட்டிருக்கிறாயா? செவுள் தொங்கும் அந்த வெள்ளைப் பல்லி கொடுத்து வைத்தது. தேயிலை பேக்டரியில் நின்று நின்று என் கால் வீங்கிக் கிடக்கிறது, கேட்க ஆளில்லை. நீ போய், நம்பரை மாற்றி ஐந்து மாதம். புது நம்பரையாவது தரலாம்லா.

உன்னையே நினைத்திருக்கும்,
குகனேஸ்வரன்


கிள்ளான்,
12 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

இருளப்பன் தன் போனில் எடுத்த ராஜா படத்தைக் காட்டினார். செவுளில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அது பூஞ்சை. தண்ணீர் அழுக்கானால் வரும். ஒழுங்காக மாற்றுகிறீர்களா?

பயப்பட வேண்டாம், மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. பேக்டரித் தேயிலைத் தூளில் தே ஓ போடுங்கள், வெறும் தேநீர். பாலும் கூடாது, சீனியும் கூடாது. நன்றாக ஆறி, தொட்டித் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்த பிறகு அவனை அதில் பத்து நிமிடம் விடுங்கள். ஏழு நாள் செய்தால் போதும்.

உங்கள் காலை உப்புப் போட்ட வெந்நீரில் வையுங்கள்.

மகேன் கடையில் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் வந்திருக்கிறது. வாங்கினால், ரிங்லெட் மலைக்குளிர் இல்லாத இந்தக் கிள்ளான் சூட்டிலும் ராஜாவை வைத்துக்கொள்ளலாம். இல்லை, நானே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இன்னும் முடிவு செய்யவில்லை.

உங்கள்,
குமுதா


ரிங்லெட்,
24 மார்ச் 2025

என் குமுதாவுக்கு,

ஏழு நாளும் செய்தேன். பஞ்சு போய்விட்டது. செவுள் பழையபடி சிவந்து, நேற்று என் கையிலிருந்தே மண்புழு வாங்கித் தின்றான்.

உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. நீ மருந்து எழுதும் வரைக்கும் மூன்று வாரம் நான் தண்ணீரே மாற்றவில்லை. மறந்துபோய் அல்ல. உன் கடிதங்களைப் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. "கிடலா, உன் மகேன் வந்து மாத்தட்டும்" என்று ராஜாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். பொறாமைதான். நீ போவதற்கு முந்தி அன்றைக்கு உன் போனைப் பிடுங்கி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பார்த்ததும் இதே பொறாமைதான். உன்மேல் உயிராக இருக்கிறவனுக்குத்தானே இப்படி எல்லாம் வரும்.

இப்போது தெளிந்துவிட்டேன். சத்தியமாக. மெஷினை வாங்காதே. வந்துவிடு.

உன்,
குகன்

பி.கு: மகேன் கல்யாணம் ஆனவனா? சும்மா கேட்கிறேன்.


கிள்ளான்,
2 ஏப்ரல் 2025

உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பின்குறிப்பை அதற்கும் மேல்.

அதற்குப் பதில் எழுதப் போவதில்லை. என்ன சொன்னாலும் உங்களுக்குப் போதாது. பதினெட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என்மேல் கோபம் என்றால் அந்த வாயில்லாத ஜீவன் என்ன செய்யும்? அழுக்குத் தண்ணீரில் மூன்று வாரம் அப்படியே கிடந்திருக்கிறான். படித்தபோது எனக்கு அழுகை வந்தது, அவனுக்காக மட்டும் இல்லை. பிறகு நன்றாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், அதை மறுக்கவில்லை. அவனுக்கு ஏழு நாளில் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

மெஷின் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை இருளப்பன் லோரியில் ராஜாவை அனுப்பிவிடுங்கள். கால் வீக்கம் குறையாவிட்டால் கிளினிக் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

ராஜா வரும் பெட்டிக்குள் ஐஸ் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி வையுங்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம். மூடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கட்டும்.

குமுதா