நெல் வண்டியில் என்னோடு வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டு நெல் வண்டி, அந்த மினி லாரி, நெல் விற்கும் மார்க்கெட் கமிட்டிக்குக் கிளம்பத் தெருவில் நின்றது. கோணியும் உமித்தூசியும் கலந்த வாசனை. கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். வண்டிக்குள்ளிருந்து உங்கள் வீட்டுக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அவ ஞாபகமா?" என்றார். தலையாட்டினேன். நீங்கள் தூக்கத்திலேயே போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் உங்களைப் பற்றிச் சிரித்தபடி பேச முடிகிறது எங்களால்.

கொரோனா பரவிய அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் அது வந்து போனது. என் மகள் யாழினிக்குச் சளி, இருமலோடு சரி. எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, ஒரு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை கொடுத்தால் இறங்கும், மறுபடி ஏறும். கண் சிவந்தது, உதடு வெடித்தது, உடம்பெல்லாம் தடிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். டைபாய்டாக இருக்கும் என்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் லாரியோடு நாசிக்கில் இருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒதுங்கியிருந்த காலம். நீங்கள் மட்டும் நேரே உள்ளே வந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தீர்கள். உடம்பு கொதித்தது, பாதம் சில்லிட்டிருந்தது.

"எனக்கு இது சரியா படல. கெளம்பு, பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"உங்களுக்கும் வந்துடுச்சுன்னா அக்கா?"

"வந்தா பாத்துக்கலாம். மொதல்ல பொடவைய மாத்து."

அண்ணன் ஏற்றிய மூட்டைகளை இறக்கிப் போட்டார். பின்பக்கம் கோணி விரித்து உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டீர்கள். திண்டிவனம் தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்து, "நைனாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா, பயந்துடும்" என்றாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"சமீபத்துல வீட்ல யாருக்காச்சும் கொரோனா வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கவில்லையே என்று நான் தடுமாறினேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "வீட்டோட எல்லாருக்கும் வந்துச்சு சார். இவளும் இருமினா. நான்தான் தெனம் சோறு கொண்டாந்து வச்சேன்."

அதன் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. கிருமி போய்விட்டது, அதை எதிர்த்த சக்தி மட்டும் அடங்காமல் சொந்த உடம்பையே தாக்குகிறது, இதயத்தையும் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. குளுக்கோஸ் போல ஒரு மருந்தை மிக மெதுவாக ஏற்றினார்கள். அந்த நாட்களிலும் நீங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் உங்கள் வழக்கத்தை விடவில்லை. என்னையும் விடவில்லை. "நீ பட்டினி கெடந்தா அவளுக்கு ஜொரம் எறங்குமா? சாப்டு" என்று இட்லியைக் கையில் திணித்தீர்கள்.

ஒரு காலையில் யாழினி கண் விழித்து, "பெரியம்மா, பசிக்குது" என்றாள். என்னைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்டாள். அதுவரை கல்லு மாதிரி இருந்த நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினீர்கள். போய்ப் பார்த்தால் வராண்டாவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுகிறீர்கள். நர்ஸ் பதறிப்போய் என்னவென்று கேட்க, "ஒண்ணும் இல்லம்மா, புள்ளைக்குப் பசிக்குதாம்" என்றீர்கள்.

பிறகும் வெகுநாள் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் ஓடினால் திட்டுவேன், படியேறினால் பின்னாலேயே போவேன். எல்லாம் சரியாகிவிட்டது, ஓடட்டும் ஆடட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகும் என் பயம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி கோட்டை மலையில் ஏற வேண்டும் என்று அடம்பிடித்தாள். கூட வந்த தெருப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் ஏறினாள், நான் மூச்சு வாங்கி ஏறினேன். உச்சியில் என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். "எப்டி அடிக்குது பாரும்மா!"

வேகமாக, ஒரே சீராக அடித்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை அக்கா. "மலை ஏறுனா அடிக்காம இன்னா பண்ணும்? வா, தண்ணி குடி" என்றேன். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, என் வாயில் பேசியது நீங்கள்.