உப்பில்லாத சாம்பாரும் உன் ராஜினாமாவும்

உ

காஜா பெராங், மலாக்கா
16-3-1958

அன்பு மகள் சீதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சாப்பிட்டு, தூங்கி, அவ்வப்போது சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீ அங்கே கோத்தா பாருவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது ஒன்றுதான் எங்கள் கவலை. தம்பிராஜாவுக்கு பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வேலை கிடைத்துவிட்டது, பெட்டி தூக்குகிற வேலைதான், ஆனால் துரை நடக்கிற நடையைப் பார்த்தால் விமானத்தையே இவன்தான் ஓட்டுகிறான் என்று நினைப்பாய். உன் தம்பியல்லவா, சிரித்துவிட்டு விட்டுவிடு.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளைக்கார சிஸ்டர் சீமைக்குத் திரும்பிப் போனதும் வார்டுத் தலைமை நாற்காலியில் உன்னை உட்கார வைத்தபோது இந்தத் தெருவுக்கே நான் சர்பத் வாங்கிக் கொடுத்தேன். இப்போது நீ என்னவென்றால் ஊசி போடுவதிலிருந்து படுக்கை விரிப்பு மடிப்பதுவரை நானே செய்தால்தான் சரியாக வருகிறது, நான் வார்டுக்குள் நுழைந்தாலே மற்ற நர்ஸ் மிஸ்ஸிகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், என்னால் முடியவில்லை, மாதக் கடைசியில் இந்தப் பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடி சாதாரண மிஸ்ஸியாகப் போய்விடுகிறேன், நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எழுதியிருக்கிறாய். நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவன், யாருக்கும் தலைவனாக இருந்தவனில்லை, உன் அம்மாவுக்குக் கணவனாக இருப்பதே எனக்குப் பெரிய உத்தியோகம். அதனால் புத்தி சொல்வதற்குப் பதில் உன் அம்மா கதையைச் சொல்கிறேன்.

அம்மாவைக் கோயில் மாதர் பகுதிக்குத் தலைவியாக்கினார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அன்றிலிருந்து அன்னதானச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். காய் நறுக்கினால் பெரிசாக நறுக்கிட்டே என்பாள், நறுக்காவிட்டால் ஏன் சும்மா நிக்கிறே என்பாள். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பூங்காவனம் சாம்பாருக்கு உப்புப் போட்டது தெரியாமல் இவளும் ஒரு தடவை போட்டுவிட்டாள். அம்மனுக்குப் படைக்கும் முன்னே நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதே, படைத்துப் பரிமாறின பிறகுதான் கடல் தண்ணீர் என்று தெரிந்தது. சாமி ஆடாத குறைதான் உன் அம்மா. இனிமேல் என்னைத் தவிர ஒருத்தியும் உப்பைத் தொடக்கூடாது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். பூங்காவனம் பாவம், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுப் பெண், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது.

தை கடைசி வெள்ளியன்று நல்ல கூட்டம். சாம்பார் கொதித்து உப்புப் போட வேண்டிய நேரம் பார்த்துக் கோயில் செயலாளர் கணேசமூர்த்தி வந்து பந்தலில் பாய் போதவில்லை என்றார். வேறு யாரையாவது அனுப்பலாம், ஆனால் பாயையும் இவள்தானே விரித்தாக வேண்டும், போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் அடுப்பை அணைத்துப் படையலும் முடித்துவிட்டார்கள். அத்தனை பெண்கள் நின்றார்களே, ஒருத்தியும் உப்பு டின்னைத் தொடவில்லை, ஒருத்தியும் வந்து இவளைக் கூப்பிடவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்த ஜனங்கள் இலை ஓரத்தில் வைத்த உப்பையே தொட்டுத் தொட்டுப் பிசைகிறார்கள், திரும்பத் திரும்ப உப்புக் கேட்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் அந்தப் பந்தியில்தான் வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் செட்டி வீட்டு நாகம்மா, அவளுக்கு மலாய்தான் பேச்சு, தமிழும் தெரியாது நம் வீட்டு அம்மாவிடம் பயமும் கிடையாது, உன் அம்மாவைப் பார்த்து, சாரதா, காராம் தாடாக் லா என்று சத்தமாகக் கேட்டாளே ஒரு கேள்வி, உப்பே இல்லை என்று பந்தல் முழுக்கத் தெரிந்துபோய்விட்டது.

அம்மா நேரே உள்ளே போய், ஏண்டி, எல்லார் வாயிலும் கொழுக்கட்டையா என்று கத்தினாள். பூங்காவனம், நீங்கதானேக்கா தொடக்கூடாதுன்னு சொன்னீங்க என்றது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, எனக்கு இந்தத் தலைவி உத்தியோகமே வேணாம், சமையலறைச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க என்று என்னிடம் நீட்டினாள். நான் அறிவு கெட்டவன், சிரித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சு இல்லை.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை போனாள் சீதா, அதுதான் உன் அம்மா. பூங்காவனத்தைக் கூப்பிட்டு உப்பு உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். போதுமா என்று கேட்டாளாம், கேட்டுவிட்டு அந்தப் பெண் யோசித்துப் பதில் சொல்லும்வரை பேசாமலும் இருந்தாளாம். உன் அம்மா பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தவம் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இப்போது அந்தச் சமையலறையில் ஒரே சிரிப்பும் பேச்சுமாகக் கிடக்கிறது. இந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் காலையில் என்னை வைத்துப் பயிற்சி வேறு. இன்னைக்கு என்னங்க சமைக்கட்டும் என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி ஆயிற்றே, பயத்தில் நான் கத்தரிக்காய் கத்தரிக்காய் என்று உளறித் தினமும் அதையே தின்றுகொண்டிருக்கிறேன்.

நீயும் அவள் பெற்ற பெண்தானே. காலையில் வார்டுக்குப் போனதும் ஏதாவது ஒரு வேலையை ஒரு சின்ன மிஸ்ஸியிடம் முழுசாக விட்டுப் பார், மருந்திலே வேண்டாம், விரிப்பு மடிப்பதிலே ஆரம்பி. கோணலாக மடித்தால் கோணலாகவே கிடக்கட்டும், அவள் அந்தப் பக்கம் போனதும் நீ திரும்பப் போய் மடிக்காதே. தனியாக உட்கார்ந்து சாப்பிடாமல் அவர்களோடு உட்கார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பதவியை விட்டால் காலை உடைப்பேன் என்று எழுதுங்கள் என்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு, தலைப்பின்னலிலேருந்து இந்த மிஸ்ஸி வேலை வரைக்கும் அவளுக்கு நான்தானே முடிவு பண்ணேன், அவளை ஒரு நாளாவது கேட்டேனாங்க என்று சொல்லி அழுதுவிட்டாள். ஆகவே நீ கேட்ட சரி என்ற வார்த்தையை நான் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. என் ஆசை என்ன என்று உனக்கே தெரியும், ஆனால் கையெழுத்துப் போடப் போவது நீ.

மழைக்காலம் போய்விட்டது என்று குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். நீ நோய்நொடி இல்லாமல் நாலு பேர் வாழ்த்தும்படி இருக்க அம்மன் துணை. அம்மா தன் கையால் எழுத வேண்டும் என்கிறாள், கீழே இடம் விட்டிருக்கிறேன். மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சேதுராமன்

சீதா, நீ அந்த வேலையில் இருந்தாலும் சரி, விட்டாலும் சரி. உன் மனசுக்கு என்ன தோணுதோ அதை எழுது. நான் குறுக்கே பேசாமல் படிக்கிறேன்.
அம்மா