முதல் வாய்

ராசிபுரம்,
தை மாதம், 1938

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரி வார்டுக்காரர் முதல் வாய் தின்று காட்டாமலே உங்கள் மாப்பிள்ளை இப்போது தாமாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.

சோற்றில் விஷம் என்று அவர் காதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் வட்டிலில் முதல் வாய் நான்தான் தின்றேன். புருஷனுக்கு முந்தித் தின்கிறவள் என்று ஊர் பேசியது. பேசட்டும், அவர் வயிறு காயவில்லை.

நீங்கள் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. மகனை அனுப்ப மனமில்லாமல், மந்திரக்காரன் கொடுத்த பொடியை அத்தை களியில் கலந்துவிட்டார்கள். புத்தி தெளியும் என்று நம்பினார்கள். கெட்ட எண்ணம் இல்லை. எனக்கும் தெரியாது. அவர் அன்று மிகவும் மிரண்டார். நம்பவைக்க நான் பாதிக் களியைத் தின்றேன். அப்போதும் அவர் தொடாமலே உங்களோடு புறப்பட்டார். பொழுது சாய்வதற்குள் எனக்கு நினைவு தப்பிவிட்டது. பொடியில் இருந்தது ஊமத்தை விதை என்று பிறகுதான் தெரிந்தது.

வயிற்றுப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாராம். சுகம் என்றே சொல்லுங்கள். வேலியோரம் புதைத்ததைச் சொன்னால் காரணம் கேட்பார். அந்த ஒரு நாள் குரல் சொன்னது நிஜம் என்று தெரிந்தால், இனி யார் கையாலும் தின்னமாட்டார்.

நேற்று அத்தை என் முன்னால் வட்டிலை வைத்தார்கள். நான் கை வைக்கவில்லை. “நாந் திங்கறேன் பாரு, சாமி” என்று முதல் வாயை அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். விழுங்கிய பிறகும் நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தங்கை