எழும்பூரில் விசாரித்தது

பாரிவாக்கம்,
1943

மகளுக்கு,

உனக்குப் பிள்ளை பிறந்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

நேற்று எழும்பூருக்குப் போனேன். வேறு வேலையாகத்தான். பூந்தமல்லியிலிருந்து இப்போது கரியில் ஓடுகிற பஸ். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதாம். பஸ்ஸின் பின்னால் ஓர் அடுப்பு எரிகிறது. அந்தப் புகையில் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. மேடு வந்ததும் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் அசையவில்லை.

“இன்னா பெர்சு, நீ மட்டும் மாப்ளையாட்டம் குந்திகினு கீறே? எறங்கி ஒரு கை புடி” என்றான் கண்டக்டர்.

“டிக்கெட்டு வாங்கினவன் தள்ள மாட்டான்டா” என்றேன். என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள்.

எழும்பூரில் சும்மா விசாரித்தேன். நாகப்பட்டினத்துக்கு மாயவரத்தில் வண்டி மாற வேண்டுமாம், திருவாரூரில் மறுபடியும் மாற வேண்டுமாம். அங்கே ரயிலிலிருந்தே கடல் தெரியுமா? உன் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஜட்கா கிடைக்குமா? கைப்பிள்ளையோடு ஏறினால் ரொம்பத் தூக்கிப் போடுமா?

நான் மனம் மாறிவிட்டதாக நினைக்காதே. என்னைக் கேட்காமல் நீ கல்யாணம் செய்துகொண்ட அன்று, உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான்.

ஸ்டேஷனில் உட்கார பெஞ்சு இருக்கிறதா என்று மட்டும் எழுது. ஸ்டேஷன் உன் வீடு இல்லையே.

உன் நைனா