லோகம்மா வீட்டுப் படி

மேஸ்திரி, இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இன்று காலை ஸ்ரீராம்புரமே மிதக்கிற மாதிரி மழை. நம் சந்தில் மட்டும் சாக்கடை வாடை இல்லை. ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. புதுக் குழாய் மொத்தத்தையும் குடித்துவிட்டது. ஜெயித்துவிட்டோம்!

முதல் தடவை நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். குழாய் பதிக்க வாசற்படிகளை இடிக்க, யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தினாய். பூ விற்கும் லோகம்மா தன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இடிக்கணும்னா என்னியும் சேத்து இடிடா மேஸ்திரி" என்றாள். சந்தே அவள் பின்னால் நின்றது. இன்னொரு தடவை தடுத்தால் குழாய் வேறு தெருவுக்குப் போய்விடும் என்றார் காண்ட்ராக்டர்.

அப்புறம்தான் நீ உடம்பு முடியாமல் படுக்கையில் கிடந்தபடி, வீடு வீடாகச் சம்மதம் வாங்கத் திட்டம் போட்டாய். நீ சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஒரு பேங்க் மேனேஜரே எழுந்து நின்றிருக்கிறார். எந்த வீட்டில் யார் முடிவெடுப்பது, அவருக்கு எது கஷ்டம், யார் போய்ச் சொன்னால் கேட்பார், எல்லாம் அதில் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இரவு கேப் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவரிடம் நாலு மணிக்கு மேல்தான் போக வேண்டும். "கஷ்டத்த முதல்ல சொல்லு, நல்லத அப்புறம் சொல்லு" என்றாய்.

நீ போன பிறகு நாற்பது வீடும் நான் ஒருவனே ஏறி இறங்கினேன். முப்பத்தொன்பது வீடு நான் வாயைத் திறந்ததுமே சரி என்றது. கடைசியில் லோகம்மா.

"சாவறதுக்கு முன்னாடி என்னப் பத்தி என்ன சொன்னான்?"

"உன் பேரத்தான்கா முதல்ல எழுதச் சொன்னாரு. அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கடப்பாரையத் தொடணும்னாரு."

"சும்னே கத வுடாத, ஆட்டோக்காரா."

"என் ஆட்டோ மேல சத்தியம். படி கட்டித் தர்ற வரைக்கும் அதுலயே ஒக்காந்து பூ வித்துக்க."

அவள் பூக்கூடையை எடுத்து என் ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தாள். மூன்று நாள் அதுதான் பூக்கடை. நாலாம் நாள் அவள் வாசலில் புதுப் படி நின்றது. என் சீட்டில் இன்னும் மல்லிகை வாசம்.

அந்த மன்னிப்பை மட்டும் நானாகக் கட்டிவிட்டேன், மேஸ்திரி. அவள் பெயரைச் சொன்னதும் நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அவள் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. தாள் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இன்றைக்கு மழை விட்டதும் அந்த இடத்தில் ‘மன்னிப்பு’ என்று நானே எழுதி நிரப்பிவிட்டேன். கையெழுத்து நன்றாகவே வந்திருக்கிறது.