மரக்குதிரை

செவ்வாய், இரவு.

ஹபீபா நாளை பள்ளிக்கு வருவாளா? எனக்குத் தெரியவில்லை. உடற்பயிற்சிப் பாடத்தில் பிள்ளைகள் ஓடி வந்து தாண்டிப் பழகும் அந்தச் சாமானுக்குக் கல்விக் கந்தோர் புதுப் பெயர் வைத்துவிட்டது. மருதமுனைப் பள்ளியில் அது இன்னும் மரக்குதிரைதான். இன்று அவளுடைய வாப்பா தறியை விட்டு எழும்பிப் பள்ளிக்கே வந்துவிட்டார்.

“றோட்டால போற ஆம்புளயள் பாக்க என்ட புள்ள குதிர பாயிறதா டீச்சர்? இனி அவ தறியில இருக்கட்டும்.”

“பள்ளி வேலியை மறைத்தால் அவளை விடுவீர்களா?” என்று எரிச்சலில் கேட்டேன். அவர் தறிக்கே திரும்பிப் போய்விட்டார். படித்த எனக்குப் பொறுமையாகக் கதைக்கத் தெரியவில்லை.

புதன்.

காலையில் அவரே வந்து, தறியில் நெய்த சேலைகளை வேலி நெடுகக் கட்டிவிட்டு, வெளியே காவல் நின்றார். ஹபீபா ஓடி வந்து குதிரையில் மோதி விழுந்தாள்.

சேலைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “பாஞ்சிட்டாளா டீச்சர்?”

“இன்னும் இல்லை.”

“பாயாம வீட்ட வரப்படாதெண்டு சொல்லுங்க.”