பன்னிரண்டு வருட இரைச்சல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் சுகம் என்று எழுதியது பழக்கதோஷம், இந்தத் தடவை விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் படுக்கையறை ஏசி போன மாதம் உயிரை விட்டது. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று மூன்று வருடமாக நீ தொண்டை வறளக் கத்தினாய், முப்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு அதன் இரைச்சல் தாலாட்டு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மெக்கானிக் மாடியில் வெளிப்பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே தகடெல்லாம் தொட்டாலே சருகுபோல உதிர்ந்தது. காஞ்ச ஊர்ல பதினஞ்சு வருஷம்கூட வரும் சார், இந்த உப்புக்காத்துக்கும் ஈரத்துக்கும் எட்டு, மிஞ்சிப்போனா பத்து, உங்களுது பன்னெண்டு ஓடினதே பெரிசு என்றார். ஞாயிறு தவறாமல் வடிகட்டியைக் கழுவினேனே என்றேன், அதனாலதான் அந்த ரெண்டு வருஷம் என்று சிரித்தார்.

புதிய ஏசிக்கு வாயே கிடையாது. முதல் நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தோம், அம்மா கண்ணயர்ந்தாள். குறட்டை கேட்டது, திடீரென்று ஒன்றுமே இல்லை. பதினெட்டு வரை எண்ணிவிட்டேன், அப்புறம்தான் தூக்கிப்போட்டதுபோல மூச்சை இழுத்தாள். மறுபடியும் அப்படியே. பதறி எழுப்பினால், நானா குறட்டை விட்டேன், வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க என்று சண்டைக்கு வந்தாள். மல்லுக்கட்டித்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, பல வருடமாக இருந்திருக்கும், இப்படியே விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார். காலையில் தலைவலி என்று அவள் சொன்னபோதெல்லாம் வெயில் என்று சொன்னவன் நான். ஒரு முழத் தூரத்தில் படுத்திருந்தும் அந்தப் பழைய ஏசி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லையே பாப்பா.

பயப்படாதே, மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க, குழாய் வழியாகக் காற்று ஊதும் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் இது என்ன தும்பிக்கை என்று பிடுங்கி எறிந்தாள், இப்போது நான் சொல்லாமலே மாட்டிக்கொள்கிறாள். தலைவலி போன இடம் தெரியவில்லை. உன் வீடும் கடலோரம்தான், வெளிப்பெட்டியை வருடத்துக்கு இரண்டு முறையாவது கழுவச் சொல். ஒரு நாள் ஏசியை அணைத்துவிட்டு மாப்பிள்ளை தூங்குவதையும் காது கொடுத்துக் கேள்.

இன்று காலை அம்மா கனவு கண்டேன் என்றாள். எத்தனையோ வருடமாக அவளுக்குக் கனவே வந்ததில்லையாம். என்ன கனவு என்றால், உங்ககிட்ட சொல்ல மாட்டேன், அவ கேட்டா சொல்றேன் என்கிறாள், சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த தூக்கத்தோடும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்து அவளிடம் கேள், கேட்டு எனக்கும் சொல்.

உன் பிடிவாதக்கார
அப்பா